ஜோடி இல்லாத மூடி

சூடாமணியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த காபியைக் குடித்து முடித்த கையோடு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாண வீடென்றால் கேட்கவே வேண்டாம். பந்தியில் உட்காருவதற்கு முன்னால் சமையல்கட்டுப் பக்கம் ஒரு நடை போய், கழுவிக் கவிழ்த்திருக்கும் வாளி, கரண்டி, சட்டி ஒன்று விடாமல் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் வருவாள். "பொண்ணு வீட்டுல எம்புட்டுச் சாமான் இருக்குன்னு நோட்டம் பாக்குது பாரு" என்று அவள் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். அவள் தேடியது ஒரு பூவை.

பூ என்றால் தலையில் வைக்கிற பூ இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோம் இல்லையா, அந்தப் பேர் முடிகிற இடத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ. மிளகு அளவுதான் இருக்கும். மதுரையில் அந்தப் பூவைப் போட்ட கை ஒன்றே ஒன்றுதான். அது சூடாமணியின் வீட்டுக்காரர் வெங்கடேஷ்பாபுவின் கை.

பழங்காநத்தத்தில் பஸ் போகிற ரோட்டிலேயே பாபுவுக்குப் பாத்திரக் கடை இருந்தது. கடை என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாம் ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். மகால் பக்கத்துச் சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த சூடாமணி, கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்தக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வாங்குகிறவர்கள் சொல்லும் பேரை அவள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள்; அவர் கரண்ட் மிஷினைப் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு கிர்ர்ர் என்று வெட்டுவார். முகூர்த்த மாதங்களில் அந்தச் சத்தம் காலையில் ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை ஓயாது. இன்றைக்கும் பல் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அதே சத்தம் வந்தால் சூடாமணியின் கால் நின்றுவிடும். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிற சத்தம். இவள் மட்டும் உருகிப்போய் நிற்பாள்.

பூ வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம். வெட்டி முடித்த செம்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டே, "பேரு மட்டும் மொட்டையா நிக்குதே, மூக்குத்தி போடாத மூக்காட்டம்" என்று வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் சொன்னாள். சும்மா வாயில் வந்ததுதான். பாபு அவள் தலையில் இருந்த பூவை ஒரு பார்வை பார்த்தார், செம்பை வாங்கினார், பேருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பூவை வெட்டிக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் பூ இல்லாமல் ஒரு பேர் வெளியே போனதில்லை. "பூ எங்க கடை வழக்கம், அதுக்குக் காசு கிடையாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் இவளைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தால் இந்த வயதிலும் அவளுக்குக் கன்னம் சூடாகும்.

ஊருக்கெல்லாம் பூப்போட்ட மனுஷன், தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றில்கூடப் பேர் வெட்டவில்லை. கேட்டால், "நம்ம வீட்டுச் சாமான் எங்கே போயிடப் போகுது? நாளைக்கு வெட்டிக்கலாம்" என்பார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவிலேயே சாய்ந்தார். அவருக்குப் பிறகு கொஞ்ச காலம் சூடாமணி கடையை இழுத்துப் பிடித்தாள்; முடியவில்லை. சரக்கு, மிஷின், தராசு எல்லாவற்றையும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுக்களையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கை வெட்டிய பூ ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தத் திருப்பிப் பார்க்கிற பழக்கம். கண்ணில் படாமலும் இல்லை. சோழவந்தானில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் வாளியில் பார்த்தாள். தெரிந்தவர் வீட்டில் ஒரு தடவை தட்டில் பார்த்தாள். எல்லாம் பிறத்தியார் சாமான், பிறத்தியார் பேர். இதை எனக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? விரலால் ஒரு தடவு தடவிவிட்டு வைத்துவிடுவாள்.

சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு இல்லை அவளுடையது. மகளிர் குழுவில் சேர்ந்தாள். அங்கிருந்து, வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கிற வேலைக்குப் போனாள். அவளுடைய வாய்த்துடுக்கைப் பார்த்து ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுக்கிற ஆளாகவே வைத்துக்கொண்டது. பிள்ளைகள் 'குப்பை டீச்சர்' என்று கூப்பிட்டதில் ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பேரிலேயே போனில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

போன கார்த்திகையில் பெய்த பேய்மழையில், சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் பூலாங்கரை என்கிற ஊரில் கண்மாய்க் கரை உடைந்தது. ஜனங்கள் பள்ளிக்கூட மாடிக்கு ஓடித் தப்பித்துவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கீழத்தெருவில் ஒரு வீட்டிலும் ஒரு சாமான் மிச்சமில்லை. அத்தனையையும் அடித்துக்கொண்டு போய் வயக்காட்டில் பரப்பிவிட்டது தண்ணீர். அந்த வெள்ளம் வடிந்ததும் நிவாரண வெள்ளம் வந்தது. தண்ணீர் பாட்டில், சோற்றுப் பொட்டலம், தெர்மாகோல் தட்டு! கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டிலும் தட்டும் வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்தன. இதையெல்லாம் பிரித்து ஒழுங்கு பண்ண ஊர்க்காரர்களைப் பழக்கத்தான் சூடாமணியை அனுப்பினார்கள்.

சமுதாயக்கூடத்தில் முதல் நாள் பயிற்சி.

"பாட்டில் மூடியைக் கழட்டுங்க, முறுக்குங்க, நசுக்குங்க, அப்புறம் மூட்டையில போடுங்க. நசுக்காம போட்டா காத்தைத்தான் மூட்டை கட்டி அனுப்புறோம்" என்றாள். டிராக்டர் ஓட்டுகிற மொக்கைச்சாமி, முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். எள்ளென்பதற்குள் எண்ணெயாக நிற்கிற ரகம் அவன்.

"அப்புறம் இன்னொண்ணு. ஒவ்வொரு வீட்டு அலமாரியிலயும் பாத்திரம் இல்லாத மூடி நாலு கெடக்கும். பாத்திரம் எப்பவோ ஓட்டையாகிப் போயிருக்கும். மூடியை மட்டும் என்னைக்காவது ஜோடி சேரும்னு பத்திரமா வச்சிருப்பீங்க. சேராதும்மா! ஜோடி இல்லாத மூடியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லா ஊரிலும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். சூடாமணியும் அதற்காகவே இதைச் சொல்லுவாள்.

வயக்காட்டில் சேற்றோடு கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிவந்து புளியமரத்தடியில் குவித்தார்கள். "பேரைப் பாத்து அவங்கவங்க சாமானைச் சேத்துருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் கேக்காததை மட்டும் பழைய இரும்பு வண்டியில ஏத்துவோம்" என்று சொல்லிவைத்தாள். அங்கேதான் பிடித்தது வேடிக்கை. பாத்திரத்தில் இருப்பது வைத்திருக்கிறவர் பேரா என்ன? கல்யாணத்துக்குச் செய்தவர் பேர் அல்லவா! ஊரில் ஒரு விசேஷம் விடாமல் செய்முறை செய்கிற வீரணன் வீட்டு வாசலில் ஒரே நாளில் டம்ளரும் தட்டும் குடமுமாக வந்து குவிந்துவிட்டது.

"இதெல்லாம் நான் செஞ்சதுப்பா, என் சாமான் இல்ல. இந்தா, இது நல்லகாமன் கல்யாணத்துக்குச் செஞ்சது" என்று அவர் ஒரு டம்ளரைக் கொடுத்தனுப்ப, நல்லகாமன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே வந்துவிட்டான்.

"ஏண்ணே, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் அண்டா செஞ்சேன். எனக்கு நீங்க இந்த ஒத்த டம்ளரா செஞ்சீக?"

அரைநாள் பயிற்சி இந்தப் பஞ்சாயத்திலேயே போயிற்று. பாபு இருந்து இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று சூடாமணி நினைத்துக்கொண்டாள். குவியலில் ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்தபோது அவள் கண் தன் வேலையைப் பார்த்தபடிதான் இருந்தது. வெவ்வேறு கடை எழுத்துகள். பூ மட்டும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ராக்கம்மாள் வந்தாள். கீழத்தெருக்காரி. வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலில் விழுந்து, டி. கல்லுப்பட்டியில் மகள் முத்துமீனா வீட்டில் கிடந்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள். வந்ததும் வராததுமாகச் சூடாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, ஒரு தூக்குவாளி வந்துச்சா? எங்க வீட்டுக்காரர் பேரு வெட்டுனது."

"என்ன பேரு?"

"அத எப்படி என் வாயால சொல்றது? மனுசன் செத்து இம்புட்டு வருசத்துல நான் சொன்னதில்ல. எழுத்தும் எனக்குத் தெரியாது. ஆனா பேரு முடியிற எடத்துல ஒரு பூ இருக்கும் தாயி. மிளகு கணக்கா."

சூடாமணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். ராக்கம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே போனாள்.

"அவரு சம்பாரிச்சு வாங்குன மொத சாமான் அது. அதுக்கு முந்தி எங்க வீட்ல கெடந்த ஏனம் பூரா பண்ணை வீட்ல கழிச்சு விட்டது. எல்லாத்துலயும் அவுக பேரு. நாங்க கஞ்சி குடிக்கிற சட்டியில அவுக பேரு! இவரு மதுரைக்குக் கொத்தனார் வேலைக்குக் கையாளாப் போயி, மொதக் கூலியில தூக்குவாளி வாங்கி, இன்ஷியலோட வெட்டுங்கன்னு சொல்லி வெட்டிட்டு வந்தாரு. தெருவுல நுழையும்போது பேரு வெளிய தெரியுறாப்புல தூக்கிட்டு வந்தாரு பாத்துக்கங்க! போட்டா, ரேசன் கார்டு எல்லாம் தண்ணியில போச்சு. போயிட்டுப் போகுது. அந்த மனுசன் பேரு இருக்கிறது இப்ப அது ஒண்ணுலதான்."

"மூடி?"

"மூடி கல்லுப்பட்டியில மக வீட்லயே தங்கிருச்சு. கொழம்பு ஊத்திக் குடுத்துவிட்டா வாளி திரும்பி வரும், மூடி வராது. எனக்கு வாளிதான் வேணும்."

அன்று காலையில்தான் கடைசி வயலிலிருந்து ஒரு நடை சாமான் வந்து இறங்கியிருந்தது. அதைச் சூடாமணி இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் புளியமரத்தடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கிட்டப் போகப் போக நொறுங்குகிற சத்தம் கேட்டது. குவியல் மேல் டிராக்டர் நின்றது. மேலே மொக்கைச்சாமி, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், நசுக்காம போட்டா காத்தைத்தான் அனுப்புறோம்னு சொன்னீகல்ல? நாளைக்கு வண்டி வருது. அதான் முன்னயும் பின்னயும் விட்டு ஏத்திட்டேன். பாருங்க, அப்பளம்!"

"அடேய், நாசமாப் போறவனே!" என்று ராக்கம்மாள் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது.

"அயித்த... நீங்க எப்ப வந்தீக?" என்றான் அவன், இறங்காமலே.

பாட்டிலுக்குச் சொன்னதைப் பாத்திரத்துக்கும் சேர்த்துக்கொண்டுவிட்டான். அவனைச் சொல்லி என்ன பண்ண? சூடாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலில் உட்கார்ந்தாள். ராக்கம்மாள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். தகரம் கையைக் கிழித்தது. பொருளைப் பறிகொடுத்தவளைவிட இவள் வேகமாகத் தேடியதைப் பார்த்து மொக்கைச்சாமி பயந்துபோய்த் தானும் வந்து உட்கார்ந்தான்.

சூடாமணி கையில்தான் அது வந்தது. உருண்டை போய்த் தட்டையான தகடு. கைப்பிடி பிய்ந்து தொங்கியது. முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். 'ரா. மருது'. பக்கத்தில் பூ.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ரு-வின் வாலை இவ்வளவு நீளமாக இழுக்கிற ஆள் வேறு யார்? கடையின் மத்தியான வெயில், மிஷின் சூடு, அவருடைய ஓரப்பார்வை எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது. ராக்கம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். புதுத் தூக்குவாளி ஒன்று, எவ்வளவு பெரிதானாலும் சரி, வாங்கிக் கொடுத்துவிட்டு இதைக் கேட்டால் என்ன? நசுங்கியதுதானே? கேட்கிற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தேடியதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"ராக்கம்மா, ரா. மருதுன்னு போட்டிருக்கு. இதுவா பாருங்க."

புருஷன் பேரைக் கேட்டதும் ராக்கம்மாள் தலை தானாகக் குனிந்தது. தகட்டை வாங்கிப் பூவைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கூடவே சூடாமணியும் அழ ஆரம்பித்ததைப் பார்த்து, அவள் அழுகை நின்றுவிட்டது.

"நீங்க ஏந்தாயி அழுறீக?"

"அந்தப் பூவை வெட்டுனது எங்க வீட்டுக்காரர். அவர் கையால வெட்டுனது எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை."

ராக்கம்மாள் அவளையே பார்த்தாள். தகட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பழங்காநத்தம் திரும்புகிற பஸ்ஸில் சூடாமணிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பறிகொடுத்தவளிடம் போய்த் தன் குறையைச் சொல்லுவார்களா? அவள் என்ன நினைத்திருப்பாள்?

தை பிறந்ததும் ராக்கம்மாள் வீட்டைப் பூசி, கூரையை மாற்றி, பால் காய்ச்சினாள். டீச்சரம்மா கட்டாயம் வர வேண்டும் என்று மொக்கைச்சாமி போனில் நாலு தடவை சொல்லிவிட்டான். போனாள். கதவுக்கு மேலே அந்தத் தகடு ஆணியடித்து மாட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் தெருமுனையிலிருந்தே பளபளத்தது. ரா. மருது, பூ.

"திருப்பி ஏனமாத் தட்டி வாங்கிட்டு வாரேன்னுதான் சொன்னேன். அயித்த விடல. எழுத்து சேதமாயிரும்னு ஆணியடிக்கச் சொல்லிருச்சு" என்றான் மொக்கைச்சாமி. "இந்தத் தெருவுல வாசல்ல பேருப் பலகை உள்ள ஒரே வீடு இதுதான் டீச்சர். அதுக்கு என்னையத்தான பாராட்டணும்?"

"போடா, பாராட்ட வந்துட்டான்" என்று ராக்கம்மாள் அவனை விரட்டிவிட்டு, சூடாமணியை அடுப்படிக்குள் கூட்டிப்போனாள். பழைய துணியில் சுற்றிய எதையோ கையில் வைத்தாள். பிரித்தால், ஒரு மூடி. கல்லுப்பட்டியில் தங்கிவிட்ட மூடி. குமிழுக்குப் பக்கத்தில் பேர் இல்லை. பூ மட்டும் இருந்தது.

"மூடியில பேருக்கு எடம் பத்தாதுன்னு, வாளியும் மூடியும் ஒண்ணுன்னு தெரிய கடைக்காரரு பூவ மட்டும் போட்டுக் குடுத்தாராம். எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. மக வீட்டுக்குப் போயி நானே எடுத்துட்டு வந்தேன். பேரு எனக்கு. பூவ நீங்க வச்சுக்கங்க."

"அய்யோ, உங்க சாமானை நான் எப்படி..."

"வாளியத்தான் ஆணியடிச்சு மாட்டியாச்சே, அதுக்கு இனி மூடி எதுக்கு? எடுத்துட்டுப் போங்க தாயி. எனக்கு என் மனுசன் வாசல்ல நிக்கிறாரு. உங்களுக்கு உங்க மனுசன் அடுப்படியில இருக்கட்டும்."

அன்று வீட்டுக்கு வந்து சூடாமணி அந்த மூடியை ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தாள். பால் பாத்திரத்துக்குச் சின்னது, ரசச் சட்டிக்குள் விழுந்தது, டப்பாக்களுக்குப் பெரிது. எதற்கும் பொருந்தவில்லை. "நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டு ஒருவழியா வந்து சேந்தீங்களே" என்று வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, அதை அலமாரியில் முன்வரிசையில் நிறுத்திவைத்தாள்.

மாசியில் அடுத்த ஊரில் பயிற்சி. கண்மாய்த் தண்ணீர் அங்கேயும் புகுந்திருந்தது. பாட்டிலை முறுக்கச் சொன்னாள், நசுக்கச் சொன்னாள். எவர்சில்வர் மேல் யாரும் டிராக்டர் ஏற்றக் கூடாது என்று புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். மூடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஏனம் இல்லாத மூடி வீட்ல ரெண்டு மூணு கெடக்கு. அத எதுல போட?"

சூடாமணி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அது கெடக்கட்டும்மா" என்றாள். "அம்புட்டு எடத்தையா அடைச்சிரப் போகுது?"